காணொலித் தொகுப்புக்கு ஒரு குட்டி விசைப்பலகை

கடந்த கல்வியாண்டில் எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செம்பாக்கம் ஏரியைப் பற்றி ஒரு காணொலி எடுத்தார்கள். சமூக அறிவியல் செயல்திட்டத்துக்காக எடுத்தது. ஏரி பள்ளியிலிருந்து நடந்து போகும் தொலைவுதான். தி நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை கைகோத்துச் சீரமைத்த ஏரி அது. அதன் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறது. அந்தச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. புத்தகத்தில் ஈரநிலம் என்று படிப்பதைத் தெருமுனையிலேயே பார்க்கலாம் என்பதால் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

படம் பிடித்தது மூன்று கைப்பேசிகளில். ஒன்று என்னுடையது, ஒன்று சக ஆசிரியருடையது, இன்னொன்று ஒரு மாணவனின் அம்மா கொடுத்தது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஐம்பது நிமிடங்களுக்கு மேல் இருந்தது. எங்களுக்கு வேண்டியது நான்கு நிமிடம். படம் எடுக்க இரண்டு மாலைப் பொழுதுகள் போதுமானதாக இருந்தன. தொகுக்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் எங்களுக்குக் கிடைப்பது வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள். ஒரு பாடவேளை முழுதும் உழைத்து முப்பது விநாடிப் படம்கூடத் தேறவில்லை.

அடுத்த வகுப்பில் ஒரு மாணவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, தொகுப்பவனின் கை என்னென்ன செய்கிறது என்று நோட்டில் கோடு போட்டு எண்ணச் சொன்னேன். கணக்குப் பாடத்தில் நேர்க்கோட்டுக் குறிகள் போடுகிறோமே, அதே முறைதான். பாடவேளை முடிந்ததும் நோட்டைப் பார்த்தோம். ஐந்தே ஐந்து வேலைகள்தான் பக்கத்தை நிரப்பியிருந்தன: ஓட்டுவது, நிறுத்துவது, வெட்டுவது, வெட்டிய துண்டை நீக்கி இடைவெளியை மூடுவது, தவறிச் செய்ததைத் திரும்பப் பெறுவது. இவை ஒவ்வொன்றுக்கும் மவுஸை எடுத்துக்கொண்டு திரையின் மேலே போய், பட்டியலைத் திறந்து, தேடி, சொடுக்கி, மறுபடி கீழே வந்துகொண்டிருந்தான். எந்தக் காட்சி வேண்டும், எது வேண்டாம் என்று யோசித்த நேரத்தைவிட மவுஸ் நடந்த நேரமே அதிகம்.

வாங்குவதற்கு முன்

இந்தக் கட்டுரை நிரல்படுத்தக்கூடிய குட்டி விசைப்பலகை பற்றியது. மேக்ரோ பேட் என்று கடைகளில் கேட்டால் காட்டுவார்கள். ஆனால் அதை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதைச் செய்தால் உங்களில் பாதிப் பேருக்கு அந்தக் கருவியே தேவைப்படாது.

நாங்கள் பயன்படுத்துவது ஷாட்கட் என்ற இலவச மென்பொருள். அதில் எஸ் விசையை அழுத்தினால் நின்ற இடத்தில் துண்டு பிளக்கும். எக்ஸ் விசையை அழுத்தினால் தேர்ந்தெடுத்த துண்டு நீங்கி, பின்னால் இருப்பது முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். ஜே, கே, எல் ஆகிய மூன்று விசைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஜே பின்னோக்கி ஓட்டும், கே நிறுத்தும், எல் முன்னோக்கி ஓட்டும். எல்-ஐ மீண்டும் தட்டினால் வேகம் கூடும். இந்த மூன்றும் ஏறக்குறைய எல்லாத் தொகுப்பு மென்பொருள்களிலும் ஒன்றுபோலவே இருக்கும். இன்று ஷாட்கட்டில் பழகும் பிள்ளை நாளை வேறெங்கோ வேலைக்குப் போனாலும் விரல் மறக்காது. ஒரு சார்ட் தாளில் இந்த ஐந்து எழுத்துகளையும் கண்ட்ரோல் இசட்டையும் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டினோம். அந்த வாரமே வேலை கணிசமாக நகர்ந்தது. செலவு ஒரு சார்ட் தாள்.

பிறகு எதற்கு அந்தக் குட்டி விசைப்பலகை? அதற்குக் காரணம் வேகம் அல்ல. ஒரு மாணவி கேட்ட கேள்வி.

“நான் எப்ப மிஸ் வெட்டுறது?”

அந்தக் குழுவில் ஆறு பேர். அவர்களில் ஒரு மாணவிக்கு மூளை முடக்குவாதத்தால் வலக்கை விரல்கள் விரியாது. மூடிய கையைத் தூக்க முடியும், மேசைமேல் வைக்க முடியும், அழுத்த முடியும். இடக்கை நன்றாக இயங்கும், அழகாக எழுதுவாள். அதனால் குழுவுக்குப் பொறுப்புகளைப் பிரித்தபோது அவளைக் குறிப்பு எழுதுபவளாகப் போட்டேன். எந்தக் கோப்பில் எத்தனையாவது நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று அவள் எழுதி வைத்த பட்டியல் இல்லாவிட்டால் அந்தப் படமே முடிந்திருக்காது. அவளுக்குப் பொருத்தமான வேலையைக் கொடுத்துவிட்டதாக நான் உள்ளூர மகிழ்ந்துகொண்டும் இருந்தேன்.

மூன்றாவது வாரம் மற்றவர்கள் எல்லோரும் ஒருமுறை தொகுத்துவிட்டார்கள். அவள் பட்டியலை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்: “நான் எப்ப மிஸ் வெட்டுறது?”

என்னிடம் பதில் இல்லை. அவளால் முடியாது என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. முடியுமா என்று கேட்டதும் இல்லை. பொறுப்புப் பிரிக்கும்போதே அந்தக் கேள்விக்கு நானாக விடை எழுதிவிட்டேன்.

வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநரிடம் இதைச் சொன்னேன். அவர் எந்தக் கருவியின் பெயரையும் சொல்லவில்லை. “எந்த அசைவு அவளுக்கு வலிக்காம, சலிக்காம வருதுன்னு அவகிட்டயே கேளுங்க. அதுக்கப்புறம் கம்ப்யூட்டரை அதுக்கு வளைக்கலாம்” என்றார். கேட்டோம். இடக்கையில் எல்லாம் வரும். வலக்கையை மூடியபடி மேலிருந்து கீழாக அழுத்துவது சுலபம். பக்கவாட்டில் நகர்த்துவதுதான் கஷ்டம். இடக்கையில் மவுஸைப் பிடித்தால் விசைப்பலகைக்குக் கை இல்லை. விசைப்பலகைக்கு வந்தால் மவுஸை விட வேண்டும். கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு மூன்றாவது ஒன்றைத் தட்டும் கட்டளைகள் ஒற்றைக் கையில் விரல் வித்தையாக இருந்தன.

முதலில் விண்டோஸிலேயே இருக்கும் ஸ்டிக்கி கீஸ் வசதியைப் போட்டுப் பார்த்தோம். ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் அது வரும். பிறகு கண்ட்ரோலைத் தட்டிவிட்டுக் கையை எடுத்து, இசட்டைத் தட்டினாலும் இரண்டும் சேர்ந்தே அழுத்தியதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். கையில் சிரமம் உள்ள எந்தக் குழந்தைக்கும் இது உடனே உதவும், காசும் இல்லை. எல்லா ஆசிரியர்களும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய வசதி. அவளுக்கும் உதவியது. ஆனால் இடக்கை மவுஸுக்கும் விசைப்பலகைக்கும் இடையே ஓடுவது நிற்கவில்லை.

ஒரு தட்டில் பல தட்டுகள்

அப்போதுதான் மேக்ரோ பேட் வாங்கினேன். பன்னிரண்டு விசைகள், மூன்று வரிசை, ஓரத்தில் இரண்டு திருகுகள். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரியது. சொந்தப் பணம்தான், மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ரிச்சி தெருவில் விசாரித்தேன், கடைசியில் இணையத்தில் வரவழைத்தேன்.

இதன் உள்ளே ஒரு சிறு நுண்கட்டுப்படுத்தி இருக்கிறது. யு.எஸ்.பி. வடத்தைச் செருகியதும் கணினி இதை இன்னொரு விசைப்பலகை என்றே நினைக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: எந்த விசையை அழுத்தினால் என்ன போக வேண்டும் என்பதை நாம் எழுதிவைக்கலாம். ஒரு விசைக்கு ஓர் எழுத்தையும் கொடுக்கலாம், கண்ட்ரோல், ஷிஃப்ட் சேர்ந்த கட்டளையையும் கொடுக்கலாம், வரிசையாகப் பத்துத் தட்டுகளையும் கொடுக்கலாம். அந்த வரிசைக்குத்தான் மேக்ரோ என்று பெயர்.

பிள்ளைகளுக்கு இதை விளக்க எனக்குக் கைகொடுத்தது தமிழ் 99 விசைப்பலகை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்டது அது. தமிழில் 247 எழுத்துகள். அத்தனைக்கும் விசை வைத்தால் மேசை போதாது. உயிர் 12, மெய் வரிசைக்கு 18, ஆய்தம் 1, ஆக 31 விசைகளை வைத்துக்கொண்டு மீதியை மென்பொருளிடம் விட்டுவிட்டார்கள். க-வைத் தட்டி ஒ-வைத் தட்டினால் கொ வருகிறது. க-வை இரண்டு முறை தட்டினால் முதல் க-வுக்குத் தானாகப் புள்ளி விழுந்து க்க ஆகிறது. க்ஷ என்பதற்குத் தனி விசை உண்டு; நாம் தட்டுவது ஒரு முறை, கணினிக்குப் போவதோ க, புள்ளி, ஷ என்று மூன்று குறியீடுகள். “அப்ப க்ஷ ஒரு மேக்ரோவா மிஸ்?” என்று ஒருவன் கேட்டான். ஆம் என்றே சொல்லிவிட்டேன். கணினி அறிவியல் ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

இந்தப் பெட்டியின் பெரிய நன்மை, எழுதிய அமைப்பு பெட்டிக்குள்ளேயே தங்குவது. ஆய்வகக் கணினிகளில் நாம் புதிதாக எந்த மென்பொருளையும் நிறுவ முடியாது, நிறுவவும் கூடாது. என் மடிக்கணினியில் ஒருமுறை அமைத்துவிட்டு, ஆய்வகத்தில் எந்தக் கணினியில் செருகினாலும் அப்படியே வேலை செய்கிறது. வாங்கும்போது இந்த ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். சில மலிவான கருவிகளில், உடன் வரும் மென்பொருள் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால்தான் விசை வேலை செய்யும். அவை நமக்கு ஆகாது. கியூ.எம்.கே., வயா என்ற பெயர்கள் கருவியின் விவரக் குறிப்பில் இருந்தால் நல்லது. அவை திறந்த மூல அமைப்புகள். குரோம் உலாவியிலேயே விசைகளை மாற்றிக்கொள்ளலாம்.

செலவு செய்ய மனமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி. நம்மில் பலருடைய மடிக்கணினியில் வலப்பக்க எண் பலகை இருக்காது. எண் பலகை மட்டும் தனியாக ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதைச் செருகி, ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருளில் எண் பலகையின் 1-க்கு ஒரு வேலை, 2-க்கு ஒரு வேலை என்று எழுதிக்கொள்ளலாம். மேல்வரிசை 1-ஐயும் எண் பலகையின் 1-ஐயும் அது வேறுபடுத்தி அறியும். கனடாவைச் சேர்ந்த டாரன் வான் ஹெமர்ட் என்ற காணொலித் தொகுப்பாளர் முழு விசைப்பலகைகளையே கூடுதலாக அடுக்கிவைத்து இதே ஆட்டோஹாட்கீயால் வேலை வாங்கியவர். அவ்வளவு நமக்கு வேண்டாம். இந்த மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும், நிறுவவும் வேண்டும் என்பதால் சொந்த மடிக்கணினியில் பாடக் காணொலி தயாரிப்பவர்களுக்கே இது பொருந்தும்.

நான்கு மூலைகள்

பன்னிரண்டு விசைகளுக்கும் ஆளுக்கொரு வேலை கொடுத்து அவளிடம் நீட்டினேன். அது சரிவரவில்லை. மூடிய கையால் அழுத்தும்போது பக்கத்து விசையும் சேர்ந்து இறங்கியது. வெட்டப் போனால் நீக்கியது. இரண்டு முறை முயன்றுவிட்டுக் கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் காரணம். நான் அன்றைக்கு அதைப் பையில் வைத்துவிட்டேன்.

மறுநாள் மதிய உணவு வேளையில் அவளும் நானும் மட்டும் உட்கார்ந்தோம். வழி சொன்னது அவள்தான். “மூலையில மட்டும் வைங்க மிஸ்.” நடு விசைகளின் மூடிகளைக் கழற்றி எடுத்தோம். கழற்றுவதற்கென்று ஒரு சிறு கம்பி இடுக்கி உடன் வருகிறது. மூடியில்லாத தண்டுகளில் கை பட்டாலும் எதுவும் நடக்காதபடி அவற்றுக்கு எந்த வேலையும் கொடுக்காமல் வெற்றாக விட்டோம். நான்கு மூலைகளுக்கும் நான்கு வேலைகள்: மேல் இடம் ஓட்டு அல்லது நிறுத்து, மேல் வலம் வெட்டு, கீழ் வலம் துண்டை நீக்கி மூடு, கீழ் இடம் திரும்பப் பெறு. மேசையில் நகராமலிருக்க அடியில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை ஒட்டினோம்.

திருகுதான் எதிர்பாராத லாபம். அதை வலப்புறம் திருப்பினால் வலது அம்புக்குறி, இடப்புறம் திருப்பினால் இடது அம்புக்குறி போகும்படி அமைத்தேன். ஒரு நொடிச் சொடுக்குக்கு ஒரு சட்டகம் நகரும். கைப்பேசிக் காணொலியில் பெரும்பாலும் ஒரு விநாடிக்கு 30 சட்டகங்கள். ஆகவே விநாடியில் முப்பதில் ஒரு பங்கு துல்லியத்தில் அவள் இடக்கையால் நிறுத்தினாள், வலக்கையால் அழுத்தினாள். அந்தக் கட்டத்தில் மவுஸே வேண்டியிருக்கவில்லை. மவுஸை இழுத்து இழுத்து நிறுத்தும் மற்றவர்களைவிட அவள் வெட்டிய இடங்கள் சுத்தமாக இருந்தன. இதை நான் சொல்லவில்லை. குழுவில் இருந்த பையன்கள் அவளிடம் வெட்டித் தரச் சொல்லி வரிசையில் நின்றார்கள்.

கண்ணில் படாத மூன்று பள்ளங்கள்

ஒரு நாள் வெட்டு விசையை அழுத்த அழுத்தப் படம் வெட்டுப்படவே இல்லை. தலைப்புப் பெட்டியில் இ இ இ இ என்று வரிசையாக விழுந்துகொண்டிருந்தது. கருவி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். முந்தைய வகுப்பில் யாரோ தமிழில் தலைப்பு அடித்துவிட்டுத் தமிழ் 99-ஐ அணைக்காமல் போயிருந்தார்கள். ஆங்கில எஸ் இருக்கும் இடத்தில்தான் தமிழ் 99-இல் இ இருக்கிறது. மேக்ரோ பேட் அனுப்புவது எழுத்தை அல்ல, விசையின் இடத்தை. அந்த இடத்துக்கு என்ன எழுத்து என்று முடிவு செய்வது கணினி. தமிழில் வேலை செய்யும் நமக்கு வரும் சிக்கல் இது. ஆங்கில வழிகாட்டிக் காணொலிகளில் இதற்கு விடை கிடைக்காது.

இதற்குத் தீர்வு உண்டு. சாதாரண விசைப்பலகையில் எஃப் 12-உடன் வரிசை முடிந்துவிடுகிறது. ஆனால் யு.எஸ்.பி. தரத்தில் எஃப் 24 வரை இடம் இருக்கிறது. மேக்ரோ பேடிலிருந்து எஃப் 13, எஃப் 14 என்று அனுப்பச் சொல்லி, தொகுப்பு மென்பொருளின் குறுக்குவழி அமைப்பில் ‘வெட்டு’ என்பதற்கு எஃப் 13-ஐக் கொடுத்துவிட்டால், தமிழ் இருந்தாலும் ஆங்கிலம் இருந்தாலும் குழப்பம் இல்லை. உங்கள் மென்பொருள் குறுக்குவழிகளை மாற்ற விடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வேகம். மேக்ரோ பேட் பத்துத் தட்டுகளைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அனுப்பிவிடும். பழைய கணினி மூன்றாவது கட்டளைக்கான பெட்டியைத் திறப்பதற்குள் ஏழாவது கட்டளை வந்து நிற்கும். நடுவில் சில தட்டுகள் எங்கோ காணாமல் போகும். ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் 50 அல்லது 100 மில்லி விநாடி இடைவெளி வைத்தால் சரியாகிவிடும். பெட்டி திறக்கும் இடத்தில் இன்னும் கூடுதலாக வையுங்கள்.

மூன்றாவது பள்ளத்தில் நானே விழுந்தேன். அது காணொலியில் அல்ல, புகைப்படத்தில். ஆண்டு விழாப் படங்கள் இருநூறுக்கு மேல் இருந்தன. பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்காக அளவைக் குறைக்க வேண்டும். ‘அளவைக் குறை, சேமி, அடுத்த படத்துக்குப் போ’ என்று ஒரு விசையில் எழுதிவிட்டு, டீ குடித்துக்கொண்டே தட்டினேன். பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ‘சேமி’ என்பது அதே பெயரில், அதே கோப்பின் மேலேயே சேமித்துக்கொண்டிருந்தது என்பது சில வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது. பணி ஓய்வு பெறும் ஆசிரியர் ஒருவருக்குச் சட்டமிட்டுக் கொடுக்கலாம் என்று குழுப்படத்தைத் தேடினேன். தபால்தலை அளவுக்கு இருந்தது. பெரிதாக்கினால் முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. இடம் இல்லை என்று கைப்பேசியிலிருந்தும் மூலப் படங்களை முன்பே அழித்திருந்தேன். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன்.

மவுஸால் ஒவ்வொன்றாகச் செய்திருந்தால் மூன்றாவது படத்திலாவது கவனித்திருப்பேன். கை ஓய்ந்தபோது கண்ணும் ஓய்ந்துவிட்டது. அதிலிருந்து, அழிக்கிற வேலையையும் மேலெழுதுகிற வேலையையும் எந்த விசைக்கும் கொடுப்பதில்லை. படங்களை முதலில் ‘மூலம்’ என்ற கோப்புறையில் நகலெடுத்துப் பூட்டிவிட்டு, நகலில்தான் கைவைக்கிறேன். மாற்றிச் சேமிக்கும் மேக்ரோ எப்போதும் புதுப் பெயரில், வேறு கோப்புறையில் சேமிக்கும். தொகுப்பு மென்பொருளில் துண்டை நீக்கினால் மூலக் காணொலிக் கோப்பு அழிவதில்லை. அதனால் அவளுடைய கீழ் வல மூலை விசை பாதுகாப்பானதுதான். புகைப்படத்தில் அந்தச் சலுகை கிடையாது.

அடையாள அட்டைக்கு மாணவர் படங்களைச் சீராக்கும் வேலைக்கு இந்தக் கருவி நன்றாகப் பயன்படுகிறது. 3.5-க்கு 4.5 சென்டிமீட்டர் விகிதத்தில் வெட்டும் சட்டத்தைக் கொண்டுவருவது ஒரு விசை. சட்டத்தை முகத்தின் மேல் சரியாக வைப்பது என் கை. வெட்டிப் புதுப் பெயரில் சேமிப்பது இன்னொரு விசை. நடு வேலையையும் விசையிடம் விட்டால் உயரமான பையன்களுக்குத் தலை இருக்காது.

வகுப்பறையில்

கருவி ஒன்றுதான், பிள்ளைகள் நாற்பது பேர். ஆகவே கருவி இல்லாமலே தொடங்கினேன். கணக்குப் புத்தகத்தின் தகவல் செயலாக்கம் இயலோடு இதை இணைக்கலாம். ‘பெரியவர் பேச்சின் நடுவில் வரும் லாரி ஹாரனை எடுத்துவிட வேண்டும்’ என்பது கணக்கு. அதற்கு விசைப்பலகையில் என்னென்ன, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு குழுவும் தாளில் எழுத வேண்டும். ஒருவர் கணினியாக நடிப்பார். எழுதியதை மட்டுமே செய்வார், எழுதாததைச் செய்யமாட்டார். ஒரு குழு ‘வெட்டு, நீக்கு’ என்று எழுதியது. ‘கணினி’ ஹாரனை விட்டுவிட்டுப் பெரியவரின் மீதிப் பேச்சு முழுவதையும் நீக்கிவிட்டது. ஹாரன் தொடங்கும் இடத்தில் ஒரு வெட்டு, முடியும் இடத்தில் ஒரு வெட்டு, பிறகு நடுத்துண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடித்தார்கள். ஒரு பாடவேளை முழுக்கச் சிரிப்புதான். சரியாக வந்த வரிசையை மட்டும் மேக்ரோ பேடில் ஏற்றி, திரையில் ஓட்டிக் காட்டினேன்.

அதற்கடுத்த வாரம் இந்த உற்சாகத்தில் ஒரு குழு எங்கெல்லாம் யாரும் பேசவில்லையோ அங்கெல்லாம் வெட்டி மூடிக்கொண்டே போனது. படம் விறுவிறுப்பாக ஆனது உண்மை. ஏரிக்கரையில் பல்லாண்டாகக் குடியிருக்கும் பெரியவரிடம் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்: “தாத்தா, இந்தத் தண்ணிய நீங்க குடிச்சிருக்கீங்களா?” அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஏரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்தார், பிறகுதான் “குடிச்சிருக்கோம்” என்றார். நடுவில் ஏழு விநாடி. வேகமாக வெட்டிக்கொண்டு வந்தவர்கள் அந்த ஏழு விநாடியையும் எடுத்துவிட்டார்கள். கேட்டதும் பதில் வந்தது. கடைக்காரரிடம் விலை கேட்டதுபோல.

அவள் தன் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, “இங்க தாத்தா சும்மா இல்ல மிஸ், யோசிக்கிறாரு” என்றாள். கீழ் இட மூலையை அழுத்தினாள். துண்டு திரும்பி வந்தது. ஒரு பையன் ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு நிமிடத்துக்குள் அடங்காது என்றான். அதுவும் நியாயம்தான். பத்து நிமிடம் வாதம் நடந்தது. நான் தலையிடவில்லை. கடைசியில் கொக்குகளைக் காட்டும் பகுதியில் ஏழு விநாடியைக் குறைத்துக்கொண்டார்கள். கொக்குகள் அந்தப் படத்தில் தேவைக்கு மேல் இருந்தன.

காணொலி நான்கு நிமிடம் மூன்று விநாடியில் முடிந்தது. காலை வழிபாட்டுக் கூட்டத்தன்று மதியம் ஆய்வகத் திரையில் எல்லா வகுப்புகளுக்கும் போட்டுக் காட்டினோம். பெரியவரும் வந்திருந்தார். படத்தில் தெளிவாகத் தெரியும் பிள்ளைகளின் பெற்றோரிடம் முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்கினோம். ஒருவரின் பெற்றோர் வேண்டாம் என்றார்கள். அந்தக் காட்சியை எடுத்துவிட்டோம்.

இப்போது அந்தக் குட்டி விசைப்பலகை ஆய்வகத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. கழற்றிய மூடிகளும் அதே டப்பாவில் ஒரு பிளாஸ்டிக் உறையில். எந்த மூலைக்கு என்ன வேலை என்று அவள் எழுதிய சீட்டு மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். போன வாரம் வந்து, நடு வரிசையில் ஒரு மூடியைத் திரும்ப மாட்டலாமா என்று கேட்டாள். எதற்கு என்றேன். ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு விசை வேண்டுமாம், கை இப்போது பழகிவிட்டதாம். மாட்டியிருக்கிறோம். பக்கத்து விசையில் கை படுகிறதா என்று இந்த வாரம் பார்க்க வேண்டும்.